சம்பந்தியம்மாவுக்கு, சார்ஜர் சூடான விவரம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தையல் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நம் பேத்தியும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் சுகமில்லை. அது எப்போதும் உள்ளது என்பதால் அதையும் சுகத்திலேயே சேர்த்துவிட்டேன். அங்கே உங்கள் கண் ஆபரேஷன் நன்றாக ஆறியிருக்கும் என்றும், ஆடுகிறது என்று நீங்கள் சொன்ன மாடிப்படிக் கைப்பிடியை யாராவது வந்து இறுக்கிக் கொடுத்திருப்பார்கள் என்றும் நம்புகிறேன். இறுக்கவில்லை என்றால் அதைப் பிடித்து ஏறாதீர்கள், சுவரைப் பிடித்து ஏறுங்கள்.

இருபத்து நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்றால் உங்கள் போன் வரும். நம் பிள்ளைகள் கல்யாணமான வாரத்தில் ஆரம்பித்தது, எனக்குப் பல் பிடுங்கிப் பேசமுடியாமல் இருந்த ஞாயிறுகூட நீங்கள் போன் செய்து நீங்களே பேசிவிட்டு வைத்தீர்கள். போன ஞாயிறு வரவில்லை. நாலரை வரை போனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏன் வரவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொரு ஞாயிறு அப்படிப் போவதை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். போனில் பேசித்தானே கெடுத்தேன், பேனாவாவது கொஞ்சம் நின்று நிதானித்துப் போகும் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, நீங்கள் பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்கவேண்டும். நடுவில் கோபம் வந்தாலும் வைத்துவிடக் கூடாது, ஏனென்றால் உங்களுக்குக் கோபம் வரவேண்டிய இடம் நடுவில்தான் இருக்கிறது, எனக்கு வெட்கம் வரவேண்டிய இடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். அப்போது எனக்கு என்ன தோன்றியதோ அதையே எழுதுகிறேன், இப்போது தெரிந்ததை முன்கூட்டிக் கலக்கவில்லை. நம் பாப்பாவுக்குப் புது வேலை கிடைத்ததும், முதல் மூணு மாசம் வீட்டிலிருந்தே செய்யலாம், மூணாம் மாசக் கடைசியில் மேனேஜர் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வார் என்றும், அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் எந்நேரமும் வாசல் மணி அடிக்கிறது, தையல் பாட்டி வீடுதான் அமைதி என்றும் சொல்லி இங்கே வந்தாள் அல்லவா. வரும் வழியில் உங்கள் வீட்டில் ரெண்டு நாள் தங்கினாள், தன் சார்ஜரை எங்கேயோ தொலைத்தாள், நீங்கள் உங்கள் தெருக்கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினீர்கள். நல்ல மனசோடு வாங்கிக் கொடுத்தீர்கள். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை, மறுத்த மாதிரி பேசிய அந்த ஒருநாளைத் தவிர.

என் தையல் அறையிலேயே ஜன்னல் ஓரம் மேசை போட்டுக் கொடுத்தேன். மேசைக்கு விரிப்பு நான் தைத்தது, நாலு பக்கமும் தரையைத் தொடும். ஒரு பக்கம் என் மிஷின் ஓடாமல் கிடக்கும், ஒரு பக்கம் அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யார் யாரிடமோ பேசுவாள். அவள் பேசுவதில் எனக்கு நாலு வார்த்தை புரியும், ஆனாலும் அவள் பேசப் பேச மத்தவங்க சும்மா இருக்காங்க பாருங்க, அது எனக்குப் புரியும். இருபத்து மூணு வயசுப் பொண்ணு பேச ஒன்பது பேர் வாயைத் திறக்காம கேக்கறாங்க. உங்க ஸ்கூல்ல நீங்க பேசினா அப்படித்தான் இருந்திருக்கும்னு நெனச்சுக்குவேன். ஊக்கு தைக்கற சாக்குல கதவோரமா உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரே ரவிக்கைக்குப் பதினொரு ஊக்கு தச்சுட்டேன் ஒருநாள்.

ரெண்டாம் மாசக் கடைசியோ என்னவோ, "தையலு, சார்ஜர் லேசா சூடா இருக்கு, கால்ல பட்டுது"ன்னு பேச்சுவாக்கில் சொன்னாள். பேச்சுவாக்கில்தான் சொன்னாள், எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. குனிஞ்சு தொட்டுப் பார்த்தேன், வெந்நீர் ஆறி வர்ற பதத்துல இருந்துச்சு. லேப்டாப்புல பாட்டரி பழசு, ஒயரைப் பிடுங்கினா பத்து நிமிஷத்துல அணைஞ்சுடும், அதனால நாள் பூரா சார்ஜர் ஓடியே ஆகணும்னு அவளே சொல்லியிருக்கா. நாள் பூரா சூடு, அதுக்குப் பக்கத்துல குழந்தை கால். என் மனசு கேக்கல. என்ன செய்யறதுன்னு நானே யோசிச்சு, நானே முடிவு பண்ணி, நானே அளவெடுத்து, அதுக்கு ஒரு உறை தச்சேன்.

எங்க வீட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியும். டிவிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, மிக்சிக்கு உறை, ஃபிரிஜ்ஜு கைப்பிடிக்கு உறை, இவர் கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு உறை. பாப்பா வந்த அன்னைக்கே சுத்திப் பார்த்துட்டு, இந்த வீட்ல சட்டை இல்லாதது தாத்தா ஒருத்தர்தான்னா. நான் சிரிச்சுட்டுப் போயிட்டேன், ஆனா கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. அதனால இந்த உறையைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடல. வேலை உறுதியானப்புறம் காட்டலாம், அப்போ சிரிச்சா சிரிக்கட்டும்னு இருந்தேன். ஆனா சம்பந்தியம்மா, வேலைன்னு பார்த்தா அது நல்ல வேலை. வெளியில நீலத்துல வெள்ளைப் புள்ளி போட்ட துணி, உள்ள ஃபிளானல் லைனிங், நடுவுல மெத்தைப் பஞ்சு ரெண்டு அடுக்கு, ஓரத்துல பைப்பிங், ஒயர் வெளிய வர்றதுக்கு ரெண்டு பக்கமும் காஜா எடுத்து, அடியில மூடறதுக்கு மூணு பட்டன். மாட்டிப் பார்த்தேன், கையுறை மாதிரி உக்காந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு வெளியில தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. சூட்டை அடக்கியாச்சுன்னு எழுந்துபோய் டீ போட்டுக் குடிச்சேன்.

அடுத்த நாளிலேருந்து ஆரம்பிச்சுது. லேப்டாப்பு ஒயர் மாட்டியிருக்கும்போதே சார்ஜ் ஏறலைன்னு காட்டும், கொஞ்ச நேரத்துல மறுபடி ஏறும், மறுபடி நிக்கும். பாப்பா காதில் ஒயரோட இருந்தபடி, சார்ஜர் சூடா இருக்கா பாருங்கன்னு எனக்குக் கை காட்டுவா. நான் மேசை விரிப்புக்குள்ள போய் உறைக்குள்ள கையை விட்டா, அப்பப்பா, இஸ்திரிப் பெட்டிச் சூடு. அவளே குனிஞ்சு பாக்க வந்தா, அதுக்குள்ள உறையை உருவி மடியில வச்சு முந்தானையால மூடிக்குவேன். அவ தொட்டுப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குவா. தரையிலதானே இருக்கு, மெத்தை மேல இல்லையே, அப்புறம் ஏன் தையலுன்னு என்னைக் கேப்பா. நானும் ஏன்னு தெரியலையேன்னு அவளைக் கேப்பேன். ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு நிப்போம்.

அவ எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தா. ஒயரைச் சுருட்டி வைக்கக் கூடாது, வேற பிளக்குல போட்டுப் பாக்கணும், பிளக்கு லூசா இருக்கான்னு பாக்கணும், காத்துப் படற இடத்துல வைக்கணும். நான் ஒண்ணு விடாம செஞ்சேன். ஒயரை அளவு நாடா மாதிரி நீளமா நீட்டிப் படுக்க வச்சேன். சமையலறைப் பிளக்கு, கூடத்துப் பிளக்கு, படுக்கையறைப் பிளக்குன்னு நாலு இடம் மாத்தினேன். இடம் மாறும்போதெல்லாம் உறையும் கூடவே மாறிச்சு. காத்துப் படற இடத்துல வைக்கணும்னதும் உறையோட ஜன்னல்ல வச்சேன். ஒரு குறையும் வைக்கல.

நடுவுல எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், உலகத்துல எது கெட்டாலும் அவருக்கு அது இன்ஜின்தான். எனக்குக் காய்ச்சல் வந்தாலே நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு ஓரமா நிறுத்துன்னு சொல்றவர். சார்ஜர் சூடாகுதுன்னு கேள்விப்பட்டதும், இது பாயில் ஆகுது, கொதிக்குது, ரேடியேட்டர்ல தண்ணி இல்லைன்னு சொல்லிட்டு ஒரு மக்கு நிறையத் தண்ணியோட வந்து நின்னார். நான் பாய்ஞ்சு பிடுங்கலைன்னா இந்தக் கடிதம் வேற யாராவது எழுதியிருப்பாங்க. அப்புறம் மனசு ஆறாம மேசை ஃபேனைக் கொண்டுவந்து சார்ஜரைப் பார்க்கத் திருப்பி வச்சார். நாங்க மூணு பேரும் வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம், காத்து முழுக்க சார்ஜருக்கு. விரிப்பு படபடன்னு அடிச்சுக்குது. அன்னைக்குப் பேச்சுல மேனேஜர் பாப்பாவைக் கேட்டாராம், மில்லுக்குள்ள உக்காந்து வேலை பாக்கறீங்களான்னு. அவ முகம் சிறுத்துப்போச்சு. ஃபேனைத் திருப்பி இவர் பக்கம் வச்சேன், கொஞ்ச நேரத்துல தூங்கிட்டார், அந்த மட்டும் லாபம்.

அடுத்து ஒயர்மேனைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா நான் என்ன செய்வேன், நல்ல சாமான் மேல கரிக்கை படக் கூடாதேன்னு உறையைக் கழட்டி பீரோவுல வச்சேன். அவர் பிளக்கைக் கழட்டினார், உள்ள ஒரு பக்கம் லூசுன்னார், போர்டையே மாத்தினார், ஒரு மணி நேரம் சார்ஜரை ஓட விட்டு உள்ளங்கையில வச்சுப் பார்த்தார். லேசா வெதுவெதுன்னு இருக்கு, இது எல்லாத்துக்கும் இருக்கறதுதாம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவர் தெருமுனை திரும்பறதுக்குள்ள உறையை எடுத்து மாட்டினேன். மத்தியானம் மறுபடி இஸ்திரிப் பெட்டி. அப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, வெளியாள் வந்தா நல்லபிள்ளை மாதிரி இருக்கு, நம்மகிட்டதான் குணத்தைக் காட்டுதுன்னு. சில பேர் அப்படி இருக்கறது இல்லையா, அந்த மாதிரி சார்ஜர்னு முடிவு பண்ணிட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உங்க போன். நீங்க வாங்கிக் கொடுத்ததுல ஏதோ கோளாறு போல இருக்குன்னு மெதுவாத்தான் சொன்னேன், அதுல தப்பில்லை. நீங்க ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. புதன்கிழமை பார்சல் வந்துடுச்சு. புது சார்ஜர், அட்டைப் பெட்டிக்குள்ள, பெட்டி மேல உங்க கையெழுத்துல, இது தரமானது, பேத்தி வேலை தடைபடக் கூடாதுன்னு. அந்தக் கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க வெயில்ல கடைக்குப் போயிருக்கீங்கன்னு அப்போ எனக்கு உறைக்கல. எனக்கு உறைச்சதெல்லாம் ஒண்ணுதான், புது சார்ஜர் அளவு கொஞ்சம் பெரிசு, பழைய உறை பத்தாது. அன்னைக்கே உக்காந்து இன்னொண்ணு தச்சேன். முதல் உறையில சூடு மிஞ்சினதால இதுல பஞ்சு மூணு அடுக்கு வச்சேன்.

வியாழக்கிழமை அது முதல் சார்ஜரை விட மோசமாச்சு. வெள்ளி, சனி, பாப்பா சரியா சாப்பிடல, எங்கே வேலை போயிடுமோன்னு ஒரு பயம் அவளுக்கு. அவ பயத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு யார் மேலயாவது கோபப்பட்டாத் தேவலைன்னு ஆயிடுச்சு. ஞாயிறு நாலு மணிக்கு நீங்க போன் பண்ணி, புது சார்ஜர் எப்படி இருக்கு சம்பந்தின்னு ஆசையா கேட்டீங்க. நான் சொன்னேன். நான் சொன்னதை நானே எழுதணும்னு பாப்பா சொல்லிட்டா, சுத்தி வளைச்சு எழுதினா அது மன்னிப்பு இல்லைன்னுட்டா. எழுதறேன்.

"உங்க வீட்லேருந்து வர்றது எல்லாமே இப்படித்தாங்க, சட்டுனு சூடாயிடுது."

நான் சார்ஜரைச் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. உங்க பொண்ணு, என் மருமக, கொஞ்சம் வெடுக்குன்னு பேசறவ. அதை இருபத்து நாலு வருஷத்துல உங்ககிட்ட நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்னைக்குச் சொல்லிட்டேன். நீங்க திட்டியிருந்தா நானும் ரெண்டு பேசி, அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் சிரிச்சிருக்கலாம். நீங்க திட்டல.

"சரிங்க. வச்சுடறேன்."

அந்த 'சரிங்க' இன்னும் என் காதுல இருக்கு. போனை வச்சுட்டுத் திரும்பினா பாப்பா மேசைகிட்ட ஒரு காதுல மட்டும் ஒயரோட நிக்கறா. "பாட்டி, அது அம்மாவைச் சொன்னதா?"ன்னு கேட்டா. நான் ரவிக்கை ஒண்ணை எடுத்து உதறினேன். அவளும் அதுக்கு மேல கேக்கல. ஆனா அன்னைக்கிலேருந்து என்னை 'தையலு'ன்னு கூப்பிடறதை விட்டுட்டா. எத்தனையோ தடவை, பாட்டியைப் பார்த்துப் பேரா சொல்றதுன்னு நானே அவளைக் கடிஞ்சிருக்கேன். பாட்டி, டீ வேணுமா பாட்டி, விளக்கு போடட்டுமா பாட்டின்னு மரியாதையா கேக்க ஆரம்பிச்சதும் வீடே வேற யார் வீடோ மாதிரி ஆயிடுச்சு.

இதுக்கு அப்புறமாவது எனக்குப் புத்தி வந்துச்சான்னா இல்லை. நான் சொன்னது சரிதான்னு நிரூபிக்கணும்ங்கற வீம்பு வந்துச்சு. ரெண்டு சார்ஜரையும் எடுத்துக்கிட்டு லேப்டாப்பு ரிப்பேர் கடைக்குப் போனேன். உறைங்களை வீட்லயே விட்டுட்டுப் போனேன், கடையில அழுக்காயிடும். கடைக்காரர் காதுல பேனா சொருகியிருக்கறவர், சின்ன வயசுதான், ஆனா நிதானம். ரெண்டையும் மாத்தி மாத்தி ரெண்டு மணி நேரம் ஓட விட்டார். நான் ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டும் சமர்த்தா இருந்துச்சு. ரெண்டுமே நல்ல சார்ஜர்மா, வாங்கினவங்க விவரமானவங்கன்னார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, மன்னிக்கணும். அப்படின்னா எங்க வீட்லதான் கோளாறான்னு கேட்டேன். இருக்கலாம், ஒருநாள் வந்து பாக்கறேன்னார். எங்க வீட்ல கோளாறுன்னு ஒருத்தர் சொல்லிட்டார்னு அந்த வாரம் பூரா கூட்டிக் கூட்டிப் பெருக்கினேன். ஞாயிறு வந்துச்சு, உங்க போன் வரல.

செவ்வாய்க்கிழமை, பாப்பா மேனேஜருக்கு ஏதோ காட்டிப் பேசிக்கிட்டிருக்கும்போது லேப்டாப்பு மொத்தமா அணைஞ்சுபோச்சு. அவ கத்தல, அழல. கறுப்பா கிடக்கற திரையில தன் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் போன்ல பேசினா, மேனேஜர் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்னொரு தடவை பாக்கலாம், அதுதான் கடைசின்னுட்டாராம். அன்னைக்குச் சாயங்காலம் நான் கடைக்காரருக்குப் போன் பண்ணி, எப்படியாவது வியாழக்கிழமை வாங்கன்னேன். பதினோரு மணிக்கு வர்றேன்னார். வந்தது பத்து மணிக்கு. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள இவர் கதவைத் திறந்து உள்ள விட்டுட்டார். உறையைக் கழட்ட எனக்கு நேரம் கிடைக்கல.

நான் ஈரத்தலையோட ஓடி வந்தா அவர் விரிப்பைத் தூக்கிக்கிட்டு மேசைக்கடியில மண்டி போட்டிருக்கார். உறையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தலையை வெளிய எடுக்காமயே கேட்டார்.

"யாரும்மா இதுக்கு ஸ்வெட்டர் போட்டது?"

"ஸ்வெட்டர் இல்லைங்க, உறை. நான்தான் தச்சேன்." சொல்லும்போது எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

"எப்போ தச்சீங்க?"

"இது ரெண்டாவது. முதல் உறை தச்சு ஒரு மாசம் இருக்கும்."

"எப்போலேருந்து இப்படிச் சூடாகுது?"

ஒரு மாசம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு சம்பந்தியம்மா. வெளிய வரல. அவர் வெளிய வந்து, முட்டியைத் தட்டிக்கிட்டு, என்னை மாதிரி ஆளுக்குப் புரியற மாதிரி சொன்னார். வேலை செய்யற சாமான்னா கொஞ்சம் சூடு வரும், அது தோல் வழியா சூட்டை வெளிய விட்டுக்கும், அதுக்கு நீங்க பஞ்சு போத்தி பட்டன் போட்டுட்டீங்க, உள்ளேயே வெந்து, தாங்க முடியாம தானா நின்னுடுது, ஆறினதும் மறுபடி ஓடுது, உங்களைக் கம்பளி போத்தி வெயில்ல உக்கார வச்சா எப்படி இருக்கும்னு கேட்டார். அந்த நிமிஷம் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. பொத்தி வச்சதும் நான், சூடாகுதுன்னு ஊரெல்லாம் சொன்னதும் நான். போகும்போது அவர் உறையைத் திருப்பிப் பார்த்து, காஜா சுத்தமா எடுத்திருக்கீங்கம்மான்னார். திட்டிட்டுப் போயிருக்கலாம்.

பாப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. உறையைக் கையில வாங்கி விரலால தடவிப் பார்த்தா. இது என் ஒண்ணாங்கிளாஸ் கவுன் துணிதானேன்னா. ஆமா, கையகலம் மிச்சம் வச்சிருந்தேன். அவ சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, நாற்காலியை விட்டு இறங்கித் தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வர வர சிரிச்சா, இவரும் என்னன்னு தெரியாமயே கூடச் சிரிச்சார். எனக்கும் வந்துடுச்சு. அப்படிச் சிரிச்சுக்கிட்டே இருந்தவ சட்டுனு நிறுத்திட்டு என்னைப் பார்த்தா.

"டீச்சர் பாட்டிகிட்ட யார் சொல்லப் போறது?"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உங்க சார்ஜரை மர ஸ்டூல் மேல வெறும் உடம்போட வச்சு, நான் பக்கத்துல பாயில உக்காந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இவர் வாசல்ல நாற்காலி போட்டு, மணி அடிக்க வர்றவங்களைக் கைகாட்டி நிறுத்திக்கிட்டிருந்தார், பால்காரரை அடுத்த தெரு வழியா போகச் சொல்லிட்டார். ஒரு மணி பத்து நிமிஷம் பேச்சு. சார்ஜர் லேசா வெதுவெதுன்னு, கன்னுக்குட்டி நெத்தி மாதிரி இருந்துச்சு, அதுக்கு மேல ஏறல. பாப்பா பேசினா, ஒன்பது பேரும் வாயைத் திறக்காம கேட்டாங்க. வேலை உறுதியாயிடுச்சு. சொன்ன கையோட இன்னொண்ணும் சொல்லிட்டாங்க, திங்கக்கிழமையிலேருந்து ஆபீசுக்கே வரணுமாம். ஆபீஸ் உங்க ஊர்ல. உங்க வீட்லேருந்து பத்து நிமிஷ நடை.

எனக்குச் சந்தோஷம்தான். அவ சட்டையெல்லாம் எடுத்து மடிச்சுக்கிட்டே சந்தோஷப்பட்டேன். ஆனா இனிமே அவ இருக்கப்போறது உங்க வீட்ல. ரெண்டு பாட்டியும் பேசலைன்னா அவ நடுவுல எங்க நிப்பா, உங்க பக்கத்துல உக்காந்து எனக்குப் போன் பண்ணணும்னா மாடிக்குப் போய்ப் பண்ணுவாளா. அந்தக் கைப்பிடி வேற ஆடுது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ, சம்பந்தி ஆன புதுசுல நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். டீச்சருக்கு எழுதறோமேன்னு பயந்து பயந்து எழுதினேன். அதுல எத்தனையோ சொல்லைத் தப்பா எழுதியிருக்கேன்னு உங்க பதில் வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. தப்புன்னு நீங்க ஒரு எழுத்து சொல்லல. நான் தப்பா எழுதின அத்தனை சொல்லையும் உங்க பதில்ல எப்படியோ கொண்டுவந்து, சரியா எழுதி அனுப்பியிருந்தீங்க. நான் ரெண்டு கடிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். கண்டுபிடிச்சேன்னு உங்ககிட்டச் சொன்னதும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷிகிட்ட, பெத்த பொண்ணைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொன்னேன்.

உங்க பொண்ணு வெடுக்குன்னுதான் பேசுவா. ஒரு தடவை நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ டாக்டர்கிட்ட வெடுக்குன்னு பேசி என்னை முதல்ல பாக்க வச்சதும் அவதான். அவளை எனக்குப் பிடிக்கும். அவகிட்டயும் சொல்லிட்டேன், போன் பண்ணி நானே எல்லாத்தையும் சொன்னேன். அத்தை, உறையில மூணு அடுக்கா பஞ்சு வச்சீங்கன்னு கேட்டா, வேற ஒண்ணும் கேக்கல, ரொம்ப நேரம் சிரிச்சா. நீங்க அப்படிச் சிரிச்சு மன்னிக்கணும்னு நான் கேக்கல. சிரிக்காமயே மன்னிச்சாலும் போதும். தப்பு என்னுது. உங்க சார்ஜர் ரெண்டும் தங்கம். உங்க வீட்லேருந்து வந்தது எதுலயும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேரில் வந்து சொல்வதுதான் முறை. ஆனால் எந்த முகத்தோடு உங்கள் வாசலில் வந்து நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் நான் வரவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் பாப்பா மட்டும் தனியாக வருகிறாள், இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குக் காலையில் எழுந்ததும் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, அரை மணி நேரம் போனால் தானே பேசுவாள். படுத்தால் போர்வையை உதைத்துவிடுவாள், மறுபடி போத்த வேண்டாம் என்று எழுத நினைத்தேன், நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இந்த ஞாயிறு நாலு மணிக்கு நான் போன் பக்கத்தில் இருப்பேன். நீங்கள் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இராது.

என் வீட்டுக்காரர் தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார், படிக்கட்டுக் கைப்பிடியை எந்த அளவு போல்ட்டு போட்டு இறுக்கவேண்டும் என்று தனியாக ஒரு சீட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறார். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் நெடுநாள் இருக்கவேண்டும் என்று மனதார நினைக்கும்,

உங்கள் அன்புள்ள சம்பந்தி,
தையல் பாட்டி.

பின்குறிப்பு: மேலே நான் வரவில்லை என்று எழுதிய இடத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டப் போன நேரத்தில் பாப்பா வாங்கிப் படித்துவிட்டு, "தையலு, மன்னிப்பை என் கையில் கொடுத்தனுப்பாதே, நீயே எடுத்துக்கிட்டு வா"ன்னு சொல்லி, பஸ்ஸுக்கு என் பேரையும் சேர்த்துப் பதிஞ்சுட்டா. ஞாயிறு நாலு மணிக்கு நான் எங்க வீட்டுப் போன் பக்கத்துலயும் இருக்கமாட்டேன், அதையும் அடிச்சுடுங்க. இதை உங்க கையில கொடுக்கறதே நான்தான். கொடுத்துட்டு, பாத்திரம் கழுவறேன்னு சொல்லி உங்க அடுப்படிக்குப் போயிடுவேன். நீங்க படிக்கும்போது உங்க முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் பத்தாது. அவசரமில்லை, கண்ணுக்குச் சிரமம் கொடுக்காம மெதுவா படிங்க, நான் டீக்குத் தண்ணி வச்சுக்கிட்டு அங்கேயேதான் நிப்பேன். இந்த வரிக்கு வந்துட்டீங்கன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம். 'சம்பந்தி'ன்னு ஒரு குரல் கொடுங்க, சர்க்கரை எவ்வளவு போடட்டும்னு கேட்டுக்கிட்டே நான் வெளிய வந்துடறேன்.